பேசாமல் கை நீட்டுகிறவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

இடது பக்க ஸ்பீக்கர் இன்றைக்கும் கரகரத்தது. ஒயரைத் திருகிச் சரிசெய்தேன். மற்றபடி எல்லாம் நன்றாகவே போயிற்று.

மாமாவுக்கு சவுண்ட் சர்வீஸ். கூட்டம், திறப்பு விழா, விளையாட்டுப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் அவரே போவார். டயர்க் கடைக்கு மேலே இருக்கிற டான்ஸ் ஹாலை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார். "அங்க யாரும் மைக்கப் புடுங்க மாட்டாங்க, சண்டைக்கும் வர மாட்டாங்க. உனக்குத் தோதான இடம்" என்றார். தோதான இடம்தான். மூலையில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், இரண்டு பக்கமும் என்னைவிட உயரமான ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவில் உட்கார்ந்துவிட்டால் நான் இருப்பதே தெரியாது. வாரத்தில் மூன்று சாயங்காலம் பாட்டுப் போட வேண்டும், யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு அமைந்த முதல் நல்ல காரியம் இதுதான்.

அங்கே ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் ஜோடி மாறும். இந்தச் சாயங்காலங்களுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'சோஷியல்'. பேர்தான் சோஷியல், ஆடும்போது ஒருத்தரும் ஒருத்தரோடும் பேசுவதில்லை. ஒருவர் கையை நீட்டுவார், எதிரில் இருப்பவர் பிடித்துக்கொள்வார், ஆட்டம் தொடங்கிவிடும்.

தண்ணீர் குடிக்க வந்தவர்கள் இன்று என் மேஜைப் பக்கம் நின்று பேசியது காதில் விழுந்தது. சர்வர் விழுந்துவிட்டதாம், ரிலீஸ் தள்ளிப்போய்விட்டதாம். அடுத்து வந்தவர்களும் அதையேதான் பேசினார்கள். ஹால் முழுக்கக் கம்ப்யூட்டர்காரர்களா? அதெப்படி, அத்தனை பேரும்?

ஜூன் 5, வியாழன்

ஆமாம், அத்தனை பேரும்தான். ஆபீஸிலிருந்து நேராக வருகிறவர்கள் கழுத்திலிருக்கும் அடையாள அட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுகிறார்கள். காற்றடித்தால் அவையும் ஆடும். இன்று ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி. ஒருவர் மட்டும் பேங்க் என்று சந்தோஷப்பட்டேன். அவரும் பேங்க்கில் கம்ப்யூட்டர் பிரிவாம்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அத்தை உடனே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "நாள் பூரா பொட்டியோட மல்லுக்கட்டறாங்கல்ல, மனுஷங்க கை இன்னும் சூடாத்தான் இருக்கான்னு தொட்டுப் பாக்க வராங்க." அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் இருக்கும் என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும்தான் நாள் பூரா உக்காந்து தோள்பைக்கு ஜிப் தைக்கிறேன். நானும் போய் ஆடவா?" என்று கேட்டாள். மாமாவுக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று எனக்குத் தூக்கம் வராது!

புதிதாக வந்த ஒருவர் தப்பாகக் கால் வைத்துவிட்டு 'சாரி, சாரி' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆடச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என்னிடம் கையைக் காட்டினார், பாட்டை நிறுத்தினேன். "இங்க சாரி கிடையாது. தப்பாயிட்டா 'மறுபடி'ன்னு சொல்லுங்க, அவ்வளவுதான்" என்றார். தடிக் கண்ணாடி போட்ட ஒரு சார் இருக்கிறார், அப்பா வயது இருக்கும். கண்ணாடிக்காரர் என்றுதான் மனதுக்குள் கூப்பிடுகிறேன். அவர் அந்தப் புது ஆளிடம், "எங்க பொழப்பே அதான். காலைலேருந்து நீ பண்ணது தப்பு, நீ பண்ணது தப்புன்னு மிஷின் சொல்லிட்டே இருக்கும். அதுக்கெல்லாம் வெக்கப்பட்டா வேலை பாக்க முடியுமா?" என்றார்.

அதனால்தான்! தப்பு என்று சொன்னால் செத்துப்போகாத ஆட்கள் இவர்கள். பழகிவிட்டது. மற்றவர்கள் ஆட வந்தால் முதல் வாரம் கால் பின்னிக்கொண்டதும் ஓடிவிடுவார்களாக இருக்கும். இவர்கள் மறுபடி மறுபடி என்று நின்றுவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வகுப்பில் நான் ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சார் 'ஏன்?' என்று கேட்டார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்குப் பிறகு வாய் திறக்கவே இல்லை. கொஞ்ச நாளில் போவதையும் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு அந்த சார் 'மறுபடி' என்று மட்டும் சொல்லியிருந்தால்?

போகட்டும். பாட்டு எல்லாம் இன்று அருமை.

ஜூன் 13, வெள்ளி

பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆடிப் பார்த்தேன். பீரோ நல்ல ஜோடி. மிதிக்காது. திரும்பும்போது அத்தை வாசலில் நிற்கிறாள். "எங்கடி கூட்டிட்டுப் போற அத? உள்ள என் பட்டுப்புடவை இருக்கு."

ஜூன் 17, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

கண்ணாடிக்காரர் இடைவேளையில் என் மேஜைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பாட்டைத் தானாகவே தேர்ந்தெடுத்துப் போடுகிற புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாராம். வேகமான பாட்டு, மெதுவான பாட்டு எல்லாவற்றையும் அதுவே பார்த்து அடுக்குமாம். போட்டதையே திரும்பப் போடாதாம். அடுத்த வாரம் தயாராகிவிடும் என்றார். "நீங்க பாவம், பாட்டு முடியுதான்னு பாத்துட்டே உக்காந்திருக்கீங்க. இனிமே உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது."

எனக்கு ஒரு வேலையும் இருக்காது. இதைச் சந்தோஷமாகச் சொல்கிறார்!

நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். வேண்டாம் சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதென்ன தலை, யார் என்ன சொன்னாலும் ஆடுது? லூசு. சரியான லூசு நான்.

அந்தப் புரோகிராம் வந்துவிட்டால் ஹாலுக்கு ஆள் எதற்கு என்று மாமா கேட்பார். நியாயம்தான். ஸ்பீக்கரை அங்கேயே விட்டுவிட்டு என்னைக் குடோனில் ஒயர் சுற்ற வைத்துவிடுவார். அப்புறம் நான் அந்தப் படியில் எதைச் சொல்லிக்கொண்டு ஏறுவது?

ஜூன் 18, புதன்

மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போலிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது?

பாட்டு பாதியில் நின்றது. லேப்டாப் திரை நீலமாகிவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது. அப்டேட் ஆகிறதாம், அணைக்கக் கூடாதாம். நான் எதையோ தட்டிக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். எல்லாரும் ஆட்டத்தை விட்டு என் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எனக்கு ஸ்பீக்கர் பெட்டிக்குள் புகுந்துவிடலாமா என்றிருந்தது.

இத்தனை கம்ப்யூட்டர்காரர்கள் இருந்தும் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுவாக முடிகிற வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டுமாம். கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மொட்டையடித்த அண்ணன் ஒருவருக்கு வேலையே இந்த மாதிரி அப்டேட்களை அனுப்புவதுதான் போல. எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைய ஏம்ப்பா பாக்கறீங்க? இது எங்க கம்பெனி இல்ல."

"உங்க கம்பெனியால இந்நேரம் எந்த ஹால்ல எவன் ஆடாம நிக்கிறானோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன், சத்தமாகவே.

ஒருவர் தன் போனை ஒயரில் மாட்டலாம் என்று எடுத்தார். விலை உயர்ந்த போன், அதில் ஒயர் சொருகுகிற ஓட்டையே இல்லை. அடுத்தவர் போனிலும் இல்லை. ஹாலில் ஒரு போனிலும் இல்லை. என் பழைய போனில் ஓட்டை உண்டு, அது வீட்டில் சார்ஜில் கிடந்தது.

அப்போது சிவப்பு ஷூ அக்கா விரலைச் சொடுக்க ஆரம்பித்தாள். எப்போதும் சிவப்பு ஷூ போட்டு வருகிறவள், எல்லாரிலும் நன்றாக ஆடுகிறவள். டீச்சர் காலால் தரையைத் தட்டினார். கொஞ்சம் பேர் நின்றுபோன பாட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்கள். ஒரு ஜோடி அசைந்தது. பிறகு எல்லாரும். மரத்தரையில் கால் படுகிற சத்தமே தாளமாகிவிட்டது. என் ஸ்பீக்கர் ஒன்றும் பாடாமல் ஹால் முழுக்க ஆடுகிறது!

அக்கா என் பக்கம் வந்து கையை நீட்டினாள். பாட்டுப் போடணும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பாட்டு எங்கே இருக்கிறது போட?

பிடித்துக்கொண்டேன்.

மாமாவும் நானும் நீள ஒயரை ஆளுக்கொரு முனையில் பிடித்துச் சுற்றுவோம். எந்தப் பக்கம் இழுக்கப் போகிறார் என்று ஒயரின் இறுக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இதுவும் அப்படித்தான்! அக்காவின் கை சொல்கிறது, என் கால் கேட்கிறது. முகத்தைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம். ஆனால் பேசிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு திருப்பத்தில் அவள் சிவப்பு ஷூவை நன்றாக மிதித்துவிட்டேன். என் வாயிலிருந்து தானாக வந்தது.

"மறுபடி."

நானா சொன்னேன்? அத்தனை பேர் நடுவிலா?

அதற்குப் பிறகு வேறு யார் யாரோ கையை நீட்டினார்கள். லேப்டாப் எப்போது முடித்தது என்று எனக்குத் தெரியாது. டீச்சர்தான் போய்ப் பாட்டைப் போட்டிருக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

அம்மாவிடம் மறைத்து வைக்க முடியவில்லை. ஜிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் நேற்று ஆடினேன் என்றேன்.

"யாரோட?"

"ஒரு அக்காவோட. அப்புறம் எல்லாரோடயும்."

"எல்லாரோடயுமா?"

ஜிப் எல்லாம் தரையில் கொட்டிவிட்டது. நாளைக்கு அவளே நேரில் வந்து பார்க்கிறாளாம்.

ஜூன் 21, சனி

வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பிடிக்காத சம்பந்தி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மொட்டை அண்ணன் பவ்யமாகப் போய்க் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையில் தன் பையைக் கொடுத்துவிட்டாள். அவரும் ஒரு பாட்டு முழுக்கப் பையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார், திருப்பிக் கொடுக்கத் தெரியாமல்.

திரும்பி வரும்போது பாதி வழியில் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அத்தனையும் தரையத்தான் பாக்குதுங்க. உன்னாட்டமே. நான் என்னமோ ஏதோன்னு வந்தா, இது கூச்சக்காரங்க கூட்டம்ல."

கொஞ்ச தூரம் போனதும், "கையப் புடிக்கறதுல மரியாதை இருக்கு" என்றாள். என் அம்மா வாயிலிருந்து இது வருவது லேசில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை புரோகிராம் வருகிறது. ஆடுவதற்கு அனுமதி கிடைத்திருக்கிறது, போவதற்குக் காரணம் போகப் போகிறது. இது என்ன கூத்து?

ஜூன் 24, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

கண்ணாடிக்காரர் புரோகிராமை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தார். நான் மேஜையில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்புப் பண்ணு, தப்புப் பண்ணு என்று அதை வேண்டிக்கொண்டேன். பண்ணவில்லை. நன்றாகப் போட்டது. வேகமான பாட்டுக்குப் பிறகு மூச்சு வாங்குகிற மாதிரி ஒன்று, பிறகு மெல்ல ஏற்றிக்கொண்டு போய் இன்னொன்று. ஒரு இடத்தில் நானாக இருந்தால் வேறு பாட்டைப் போட்டிருப்பேன் என்று நினைத்தேன். போட்டிருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது. அது இன்னும் வலித்தது.

இடைவேளையில் கண்ணாடிக்காரர் வந்து எப்படி என்று கேட்டார். அவருக்குப் பின்னால் அக்கா, மொட்டை அண்ணன், டீச்சர், இன்னும் சில பேர். எல்லாரும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றார்கள். நல்லா இருக்கு சார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிற்கவில்லை.

"அப்ப நான் எங்க உக்காருவேன்?"

இந்த நாற்காலி போனா நான் எப்படி இங்க வருவேன், மாமா என்னைக் குடோனுக்கு அனுப்பிடுவாரு, எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு இடம்தான் — எல்லாம் கொட்டிவிட்டேன். கண்ணாடிக்காரரின் முகம் வெளுத்துப்போயிற்று. அவர் கை லேப்டாப்பை நோக்கிப் போனது.

"அழிச்சிடறேன். இப்பவே அழிச்சிடறேன்."

"வேண்டாம். அது நல்லா இருக்கு."

இதையும் நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மை, அதனால்தான் இருக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உக்காரணும்னு யார் சொன்னா? நாங்க உங்கள ஆடக் கூப்பிடணும்னு ரொம்ப நாளா பேசிட்டிருக்கோம். நீங்க பாட்டுப் போட்டுட்டே இருக்கீங்க, கையே ஓயல. பாட்டு தானா ஓடுச்சுன்னா நீங்க எழுந்து வந்துருவீங்கன்னுதான்..."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்?"

"கேக்கறதா? யாரு கேக்கறது?" என்றார் மொட்டை அண்ணன், உண்மையாகவே புரியாமல்.

கடவுளே! ஒரு சின்னப் பெண்ணிடம் 'ஆட வர்றியா' என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, இத்தனை பெரியவர்கள் சேர்ந்து வாரக்கணக்கில் புரோகிராம் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? ஒரு தையற்காரர் செய்வாரா? ஒரு டிரைவர் செய்வாரா? இவர்கள்தான் செய்வார்கள். நானாக இருந்தாலும் செய்திருப்பேன், எழுதத் தெரிந்திருந்தால்.

பாட்டு தானாகவே தொடங்கியது. மேஜையைச் சுற்றிக்கொண்டு நான் வெளியே வந்தேன்.

ஜூன் 25, புதன்

குடோனில் மாமா ஒயரின் மறுமுனையைப் பிடித்திருந்தார். ஹாலுக்கு இனி ஆள் வேண்டாம் என்றேன். அப்போ இங்கேயே வந்துவிடு என்றார்.

"அந்த மூணு சாயங்காலம் மட்டும் வர மாட்டேன் மாமா. நான் ஆடப் போறேன்."

மாமா ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினார். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. "இடது ஸ்பீக்கர் கரகரங்கும், அத மட்டும் பாத்துக்க" என்றார். மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

ஜூலை 1, செவ்வாய்

தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் சிவப்பு ஷூ அக்கா என் பக்கம் சாய்ந்து சொன்னது: இங்கே முதன்முதலாக வந்தபோது அவள் பேக்கரியில் பில் போடுகிறவள். கூட ஆடிய ஒருவர் தன் ஆபீஸில் ஆள் எடுப்பதாகச் சொல்ல, போய்ச் சேர்ந்திருக்கிறாள். அதோ அவர் முன்பு போட்டோ ஸ்டுடியோ. இதோ இவள் நர்ஸாக இருந்தவள். "கம்ப்யூட்டர்காரங்க இங்க வராங்கன்னு நினைச்சியா? பாதிப் பேர் இங்க வந்துதான் அப்படி ஆனோம்."

நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தலைகீழ்!

ஜூலை 5, சனி

புரோகிராமை உடைத்துவிட்டேன். பாட்டு மாறுகிற நேரத்தில் பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினால் இரண்டு பாட்டும் ஒன்றாக ஓடுகிறது. வேண்டுமென்று செய்யவில்லை, கை பரபரத்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடிக்காரர் குதிக்கிறார். இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். வேறு எப்படியெல்லாம் உடைக்க முடியும் என்று கேட்டார். தப்பைக் கண்டுபிடித்ததற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற மனிதரை நான் பார்த்ததே இல்லை.

அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

அக்கா வரச் சொன்னதால் அவள் ஆபீஸுக்குப் போனேன். மருந்துக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. கடைகளுக்கு பில் போடுகிற புரோகிராம் செய்கிறார்கள். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பார்கள் என்று வழியெல்லாம் பயம். ஒரு போனைக் கையில் கொடுத்து, "இதுல என்னென்ன தப்பாத் தட்ட முடியுமோ தட்டுங்க" என்றார்கள். தப்பாகச் செய்வதற்கு ஒரு வேலை! எனக்கு என்று செய்து வைத்த மாதிரி.

திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

அம்மா ஒரு பாட்டுக்கு ஆடினாள். மொட்டை அண்ணனோடு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆபீஸில் இன்று தாமதம். ஹாலுக்குப் போய்ச் சேரும்போது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. என் அடையாள அட்டையைக் கம்பியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், படி ஏறி வந்த இடத்திலேயே புதிதாக ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். இருபத்தைந்து வயது இருக்கும். இறங்கிப் போய்விடலாமா என்று யோசிக்கிற முகம்.

போய்க் கையை நீட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் வேலையாம். அதனால்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வலது கால் தரையில் பிரேக்கை அழுத்தியது. என் காலில் இரண்டு முறை அழுத்திவிட்டாள். பாட்டு முடியும்போது சிரித்துவிட்டாள்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "கம்ப்யூட்டர்."

"நீங்களுமா? அங்க நிக்கறப்பவே மூணு பேர் பேசறது காதுல விழுந்துச்சு, நீங்க நாலாவது ஆள். வேற வேலை பாக்கறவங்க யாருமே இங்க வர மாட்டாங்களா?"

"நீங்க வந்திருக்கீங்களே" என்றேன். அடுத்த பாட்டு தொடங்கியது. அவள் கையை விடவில்லை.